பதினாறாம் நாள் புறாக்கள்

வெள்ளைப் புறா பறக்கவிட்டால் செத்தவருக்கு ஆத்மா சாந்தியாகும் என்று எங்கள் மேஸ்திரிக்கு யார் சொன்னார்களோ தெரியாது. சென்னையில் யாரோ பெரிய மனிதரின் நினைவு நாளுக்குப் போயிருந்தாராம். மேடையில் வயலின் வாசித்தார்களாம், மேலே புறா பறந்ததாம், எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். அதைப் பார்த்துவிட்டு வந்தவர், என் அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கும் புறா விட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். எங்கள் தெருவில் அதுவரை யார் காரியத்திலும் புறா விட்டதில்லை. காக்காய்க்குச் சோறு வைப்போம். காக்காய் வர நேரமானால், செத்தவருக்கு யார் மேல் என்ன கோபமோ என்று அரை நாள் பேசிக்கொண்டிருப்போம். புறாவிடம் அந்தப் பேஜாரெல்லாம் கிடையாது. கூண்டைத் திறந்தால் போய்விடும். மேஸ்திரிக்கு அதுதான் பிடித்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அண்ணன் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் இருந்தான். பழைய இரும்பை உருக்கி, கட்டடத்துக்குப் போடுகிற கம்பியாக நீட்டி எடுக்கிற மில். உள்ளே வேலை செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மேஸ்திரி காண்ட்ராக்டில் கொண்டுவந்து விட்ட ஆட்கள்தான். கம்பெனிக்கு அவர்கள் பேரும் தெரியாது, முகமும் தெரியாது. பாதிப் பேர் எங்கள் பக்கத்துக்காரர்கள், பாதிப் பேர் ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள். நான் அதே பேட்டையில், அந்த மில்லுக்கு இரண்டு தெரு தள்ளி, கார்களுக்கு ஒயர் கட்டித் தருகிற கம்பெனியில் வேலை பார்த்தேன். விடிவதற்கு முன் அண்ணன் சைக்கிளில் போவான். நான் பிறகு பஸ்ஸில் போவேன். எங்கள் அப்பா உயிரோடு இருந்தவரை அடுத்தவர் கழனியில்தான் குனிந்து நின்றார். கம்பெனி வந்ததும் பிள்ளைகள் நிமிர்ந்துவிட்டன என்று அம்மா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு வேன் வந்து எங்கள் வாசலில் நின்றது. முன் சீட்டிலிருந்து மேஸ்திரி இறங்கினார். அண்ணன் டீ குடிக்க வெளியே போனானாம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம். அண்ணனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. கழுத்திலிருந்து கால் விரல் வரைக்கும் வெள்ளைத் துணியால் சுற்றியிருந்தார்கள். முகம் மட்டும்தான் தெரிந்தது. அந்த முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக்குப் போடுவதுபோல பவுடர் அப்பியிருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிக் கொடுத்தது, பிரிக்கக் கூடாது என்றார் மேஸ்திரி. எங்கள் வழக்கப்படி குளிப்பாட்டித்தான் எடுக்க வேண்டும். அண்ணனைக் குளிப்பாட்டாமலே எடுத்தோம். சாவு வீட்டில் யார் சத்தமாகப் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதுதான் நடக்கிறது. அன்றைக்குச் சத்தமாகப் பேசியவர் மேஸ்திரி.

அண்ணன் மேல் விழுந்து அழுதுகொண்டிருந்த அண்ணி திடீரென்று அழுகையை நிறுத்தினாள். சுற்றியிருந்த துணியில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். அப்புறம் தலையைத் தூக்கி என்னைத் தேடினாள். எல்லாம் முடிந்து ஜனம் கலைந்த பிறகு, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்.

"தீக்காயத்துக்குப் போடற மருந்து வாசன வந்துச்சுடி. அந்த மஞ்சா மருந்து. வாரா வாரம் அவுரு கைக்கு நான் போட்டு உட்டவ, எனுக்குத் தெரியாதா? நெஞ்சு வலிக்கு யாருடி அத்தப் போடுவாங்க?"

மில்லில் வேலை செய்கிறவன் வீட்டில் அந்த மருந்து இல்லாமல் இருக்காது. எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில், விபூதித் தட்டோடு இருக்கும். அண்ணி சொன்ன பிறகு எனக்கும் அந்த வாசனை வந்ததுபோல இருந்தது. நிஜமாகவே வந்ததா, அவள் சொன்னதால் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது.

அண்ணி அப்போது முழுகாமல் இருந்தாள். மூன்று மாதம் முடியட்டும், கண் படும், வெளியே மூச்சு விடக்கூடாது என்று அம்மா கட்டளை போட்டிருந்தாள். வீட்டிலிருந்த எங்கள் நாலு பேரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அண்ணியின் அம்மா வீட்டுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. நாலு பேரில் ஒருத்தன் போய்விட்டான்.

அந்தப் பதினைந்து நாளும் அண்ணிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவன் எங்கே, எப்படிச் செத்தான் என்று தெரிய வேண்டும். துக்கம் கேட்க வந்த மில் ஆட்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கேட்டாள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு டீக்கடை என்றார்கள். எந்த டீக்கடை என்றால் ஒருவன் ரயில்வே கேட் பக்கம் என்றான், இன்னொருவன் பெட்ரோல் பங்க் எதிரில் என்றான். அண்ணி என்னையும் கூட்டிக்கொண்டு இரண்டு கடைக்கும் போனாள். புருஷன் செத்துப் பத்து நாள் ஆகாதவள் வெளியே வரலாமா என்று தெருவே வாயில் கை வைத்தது. இரண்டு கடைக்காரர்களும் எங்கள் பெஞ்சில் யாரும் சாயவில்லையே என்றார்கள். மில் கேட்டுக்குப் போனோம். வாட்ச்மேன் கதவையே திறக்கவில்லை. மேஸ்திரியைக் கேளுங்கள் என்றார்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. மேஸ்திரி அண்ணிக்கு மில் கேன்டீனில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். காண்ட்ராக்ட் இல்லை, பர்மனென்ட். பந்தல், சாப்பாடு எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார்.

"டீக்கடையில போனா இன்னா, தெருவுல போனா இன்னா? போனவன் வருவானா? வயித்துல ஒண்ண வெச்சிக்கினு வம்ப வெலைக்கி வாங்காத" என்றாள் அம்மா.

"எங்க போனாருன்னே தெரியாம நான் எப்டி அத்தே, அந்த மில்லுல போயி சோறு ஆக்குவேன்?" என்றாள் அண்ணி.

அம்மா மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் மட்டும் இருக்கும்போது அண்ணனின் பழைய சட்டையை எடுத்து மோந்து மோந்து பார்த்ததையும் நான் பார்த்தேன். அவளும் எதையோ தேடிக்கொண்டுதான் இருந்தாள். கிடைத்துவிடுமோ என்று அவளுக்குப் பயம், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் வாலிபப் பிள்ளை செத்தால் காரியத்தன்று கானாப் பாட்டு வைக்காமல் விடமாட்டார்கள். கிழவர் செத்தால்கூட விட்டுவிடுவார்கள். அண்ணனுடைய தெருக் கூட்டாளிகள் கைக்காசு போட்டு ஒரு பாட்டுக்காரரை ஏற்பாடு செய்தார்கள். வழக்கமாக முதல் நாள் ராத்திரி பாடுவார்கள். மில் ஆட்களுக்கு நைட் ஷிப்ட் இருந்ததால் காரியத்தன்று பகலிலேயே வைத்துக்கொண்டோம். பாட்டுக்காரர் வள்ளூர்க்காரர். அனல் மின் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். ஐம்பது வயதிருக்கும், தலைக்குச் சாயம் அடித்திருப்பார், பேச்சு கரகரவென்றிருக்கும். முதல் நாளே விவரம் கேட்க வந்துவிட்டார். அண்ணன் எங்கே பிறந்தான், எதை விரும்பிச் சாப்பிடுவான், யாரோடு சண்டை போடுவான், அவனைத் தெருவில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்டார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. காதில் வாங்கிக்கொண்டே விரலால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"எப்டிமா தவறிச்சு?" என்று கேட்டார்.

"டீக்கடையில, நெஞ்சு வலி" என்றாள் அம்மா.

"இல்ல" என்றாள் அண்ணி.

பாட்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தாளம் நின்றது.

"நான் கோர்ட்டா, தீர்ப்பு சொல்றதுக்கு? எங்க வாத்தியாரு எனுக்கு ஒண்ணு சொல்லிக் குட்த்துக்கீறாரு. செத்தவன் கடசியா இன்னா பேசனான்னு கூட இருந்தவன் வாயால கேட்டு வாங்கி, அத்த பாட்டுல கட்டி, பொண்டாட்டி காதுல போட்டுட்டுத்தான் டோலக்க கீழ வெக்கணும். நாளிக்கி கூட்டத்துல கேப்பேன். சொல்றவன் சொல்லட்டும்."

இது எங்கள் ஆட்களுக்கெல்லாம் தெரிந்த வழக்கம்தான். பாட்டை நடுவில் நிறுத்தி, டோலக்கை மட்டும் அடிக்கவிட்டு, கடைசிச் சொல் என்ன என்று கூட்டத்தைப் பார்த்து மூன்று தடவை கேட்பார். கூட இருந்த ஆள் எழுந்து சொல்லுவான். பெரும்பாலும் தண்ணி கேட்டார், மகளைக் கேட்டார் என்கிற மாதிரிதான் இருக்கும். யாரும் சொல்லாவிட்டால், சொல்லாமல் போய்விட்டாயே என்று ஒரு அடியைப் பாடி முடித்துவிடுவார். ஆகவே சொல்ல விருப்பமில்லாதவன் வாயை மூடிக்கொண்டு மூன்று தடவையும் பொறுத்துக்கொண்டால் போதும். தப்பித்துவிடலாம்.

மறுநாள் காலை சடங்கெல்லாம் முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் பந்தலில் கூட்டம் சேர்ந்தது. அண்ணன் படத்தைப் பெரிதாகப் போட்டு பேனர் கட்டியிருந்தார்கள். அவன் ஓட்டாத மோட்டார் பைக்கில் அவன் உட்கார்ந்திருப்பதுபோல கம்ப்யூட்டரில் செய்திருந்தார்கள். பேனரைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மேஸ்திரி வெள்ளை வேட்டி சட்டையில் ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் கம்பிக் கூண்டு, உள்ளே வெள்ளைப் புறாக்கள். ஒரு போட்டோக்காரரும் கூட வந்தார். கூண்டை அண்ணன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும் அண்ணி கூண்டைத் திறக்க வேண்டும், அதைப் படம் எடுத்து கம்பெனியில் காட்ட வேண்டும் என்று அம்மாவிடம் விளக்கினார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

டோலக்கும் கீபோர்டும் ஆரம்பித்ததும் பந்தலே வேறு மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் சினிமாவுக்குப் போய் இடைவேளைக்குள் தூங்கிவிடுவதைப் பாட்டுக்காரர் பாடினார். நண்டுக் குழம்பென்றால் பக்கத்து வீட்டுக்கும் நுழைந்துவிடுவதைப் பாடினார். கல்யாணத்தன்று செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்ததைப் பாடினார். ஜனம் சிரித்தது. சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தியது. அந்தப் பதினாறு நாளில் முதல் தடவையாக அண்ணன் எனக்கு வெள்ளைத் துணி இல்லாமல் நினைவுக்கு வந்தான். பாட்டு மட்டும் அங்கேயே நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அப்போதே நினைத்தேன்.

பாட்டுக்காரர் கையைத் தூக்கினார். கீபோர்டு நின்றது. டோலக்கு மட்டும் மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது.

"கும்முடிப்பூண்டி மில்லாண்ட கூட நின்ன தோஸ்துங்களே,
கடசியா அவன் சொன்ன வார்த்த காதுல வாங்கன ஆளு யாரு?"

மில் ஆட்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் கும்பலாக நின்றிருந்தார்கள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அண்ணி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை என் கையை நசுக்கியது.

இரண்டாம் தடவை கேட்டார். மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான் செய்தார், திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பிறகு அண்ணியிடம் குனிந்து, "யம்மா, புறா வெயில்ல வாயத் தொறந்துக்கினு கீது பாரு. பாவம். சீக்கிரம் தொறந்து உட்டுடு" என்றார்.

நிஜமாகவே பாவப்பட்டுத்தான் சொன்னார். அதை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

பாட்டுக்காரர் மூன்றாம் தடவை கேட்டார். யாரும் பேசவில்லை. பெருமூச்சு விட்டு, முடிக்கிற அடியை எடுக்க வாயைத் திறந்தார். அப்போது மில் கும்பலுக்குள்ளிருந்து ஓர் ஆள் முன்னால் வந்தார்.

ஒரிசாக்காரர். அண்ணனோடு ஒரே இடத்தில் வேலை செய்தவர். பொங்கலுக்கு அண்ணன் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தான். அண்ணி சோறு போட்டிருக்கிறாள். எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது. மூன்று தடவை பொறுத்துக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரிய மனிதர் ஒருவர் மேளத்தை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டேயிருக்கிறார், யாராவது பதில் சொன்னால்தான் செத்தவனை விடுவார் என்று நினைத்துவிட்டார். கை கட்டிக்கொண்டு நின்றார்.

"ஊட்ல சொல்லாதீங்கடா" என்றார்.

டோலக்கு நின்றது.

"ஊட்ல சொல்லாதீங்கடா. அவ முழுவாம கீறா. பயந்துபூடுவா."

அது அவருடைய தமிழ் இல்லை. அவருக்கு அவ்வளவு தமிழ் வராது. அது அண்ணன் பேச்சு. இழுக்கிற இடத்தில் இழுத்து, அவசரப்படுகிற இடத்தில் அவசரப்பட்டு, அண்ணன் வாயில் வந்தது அப்படியே இன்னொருத்தர் வாயில் வந்தது. அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

தெரு ஜனம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. அண்ணி முழுகாமல் இருக்கிறாளா? யாருக்கும் தெரியாதே. யாருக்கும் தெரியாததுதான். அண்ணன் சொல்லாமல் அந்த ஒரிசாக்காரருக்கு எப்படித் தெரியும்?

"யோவ், அவனுக்குத் தமிழே தெரியாது, இன்னாத்தயோ ஒளறிக்கினு கீறான்" என்றார் மேஸ்திரி.

அண்ணி நேராக அந்த ஆளிடம் போனாள். "எங்க சொன்னாரு?" என்று கேட்டாள். சத்தமே போடவில்லை.

"மில் உள்ள. ஸ்டோர் ரூம். கீழ படுத்துகினு. கம்பி வந்துச்சு அக்கா. ரெட் கம்பி. ரோலிங் உட்டுட்டு வெளிய வந்துச்சு. அண்ணா மேல..." தன் நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் கையால் காட்டினார். "நாஷ்டா முடிஞ்சி அப்புறம். நான் மருந்து போட்டேன். வண்டி வருது, வண்டி வருது சொன்னாங்க. வண்டி வரல."

"எவ்ளோ நேரம் பேசினு இருந்தாரு?"

அவர் யோசித்தார். "சாயங்காலம் டீ வந்துச்சு. அதுவரைக்கும்."

காலை நாஷ்டாவிலிருந்து சாயங்கால டீ வரைக்கும் என் அண்ணன் அங்கே கிடந்திருக்கிறான். நான் இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்து சிவப்பு ஒயரையும் பச்சை ஒயரையும் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். என்னிடம் செல்போன் இருந்தது. நம்பர் மில்லில் பாதிப் பேரிடம் இருந்தது. ஒருத்தர் கூப்பிட்டிருந்தால் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்திருப்பேன். அவன் தலையையாவது மடியில் வைத்துக்கொண்டிருப்பேன்.

அண்ணனுடைய நெருங்கிய கூட்டாளி, கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன், தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். "அவன்தான் சொல்லாதன்னான் அண்ணி. மேஸ்திரியும் சொல்லாதன்னாரு. எது யாரு வார்த்தன்னே தெரியாமப் பூடுச்சு அண்ணி."

எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. அண்ணன் சொன்னது ஒரு பகலுக்கான வார்த்தை. ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டுப் போட்டுக்கொண்டு, அவனே வீட்டுக்கு வந்து, ஒண்ணுமில்லடி என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான். கை சுட்டுக்கொண்ட போதெல்லாம் அப்படித்தான் செய்வான். பிழைத்துவிடுவோம் என்று நினைத்தவன் சொன்ன வார்த்தையை எடுத்து அவன் சாவுக்கு மேல் மூடிவிட்டார்கள்.

அம்மா மேஸ்திரி முன்னால் போய் நின்றாள். அதுவரை அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

"என் புள்ளைக்கு பவுடர் போட்டது யாருடா?" என்று கேட்டாள்.

மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா விடவில்லை. "சொல்லுடா. குளுப்பாட்டக்கூட உடாம பவுடர் போட்டு எட்த்துக்கினு வந்தியே, உன் கையால போட்டியா? இன்னும் உசுரு இருக்கச்சொல்லோவே போட்டியா?"

வேறு எதைக் கேட்டிருந்தாலும் அவர் பதில் வைத்திருப்பார். கம்பெனி, வண்டி, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் பேச்சு இருந்தது. பவுடருக்கு இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். போட்டோக்காரர் பின்னாலேயே ஓடினார். மில் ஆட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். சமைத்த சாப்பாட்டில் பாதி அப்படியே இருந்தது. பாட்டுக்காரர் மட்டும் எங்கேயும் போகவில்லை. ஜனம் கலைந்த பிறகு அண்ணி எதிரில் தரையில் உட்கார்ந்து, மைக் இல்லாமல், டோலக்கைக்கூட விரல் நுனியால் தட்டி, அந்த வார்த்தையைப் பாட்டில் கட்டிப் பாடினார். வீட்டில் சொல்லாதே, வீட்டில் சொல்லாதே என்று அது சுற்றிச் சுற்றி வந்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடித்ததும் அவர் டோலக்கைக் கீழே வைத்தார்.

கேன்டீன் வேலை அதோடு போயிற்று. அந்த ஒரிசாக்காரரை அடுத்த வாரமே மில்லில் நிறுத்திவிட்டார்கள். எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் ரயிலேறிவிட்டார். அவரைத் தேடிப் பிடித்து நன்றி சொல்லவாவது முடிந்திருந்தால் என்று அம்மா சாகிறவரைக்கும் புலம்பினாள். ஊர் தெரியாது. அண்ணன் அவரை எப்போதும், இந்திக்காரர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, பாய் என்றுதான் கூப்பிடுவான்; எங்களுக்குப் பேர்கூடத் தெரியாது. வக்கீலிடம் போனோம். பார்த்தவர் வாயால் சொன்னால்தான் ஆகும் என்றார். மற்ற மில் ஆட்கள் யாரும் சாட்சிக்கு வரவில்லை; சொல்லியிருக்கக்கூடியவர் அவர்தான்.

ஆனால் அன்றைய பொழுது இன்னும் முடிந்திருக்கவில்லை. பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வெயில் தாழ்ந்துவிட்டது. புறாக் கூண்டு அண்ணன் படத்துக்கு முன்னால் வைத்த இடத்திலேயே இருந்தது. அண்ணி ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் கொஞ்சம் அரிசியும் உள்ளே வைத்திருந்தாள். அதற்குமேல் அதைத் திறக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. அப்போது வெளியூர்க்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். வேர்த்துக் கொட்டியது. கூண்டைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது.

"தோ, இங்கதான் கீதுங்களா! யம்மா, இதுங்க என் புறாம்மா. கவரப்பேட்டைல வளக்கறேன். மேஸ்திரி கேட்டாருன்னு குட்த்தேன். எங்க கொண்டு போய் உட்டாலும் என் மாடிக்கே வந்துரும். பகல்லயே வந்திருக்கணும். வர்ல."

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. திறந்துவிட்டிருந்தால் அவை சொர்க்கத்துக்கெல்லாம் போயிருக்காது, கவரைப்பேட்டைக்குப் போயிருக்கும்.

"பருந்து கிருந்து அட்ச்சிடுச்சோன்னு பயந்துட்டேன்" என்று அவர் கூண்டுக்குள் விரலை விட்டு ஒவ்வொன்றாகத் தடவினார். "மாடில நின்னு வானத்தயே பாத்துக்கினு இருந்தேன். மனசு கேக்கல. அதான் விசாரிச்சிக்கினே வந்துட்டேன்."

அண்ணி அவரையே பார்த்தாள். "வர்ற நேரத்துக்கு வர்லன்னு தேடிக்கினு வந்துட்டீங்களாண்ணா?"

"பின்ன? வர்ற நேரத்துக்கு வர்லன்னா தேட வேணாமாம்மா?" என்றார் அவர். செத்த வீடு என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். படத்தைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், கூண்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"அவுரு ரெண்டு மணிக்கு ஊட்டுக்கு வந்துருவாருண்ணா" என்றாள் அண்ணி. "அன்னிக்கி வர்ல. டீ வர்ற வரைக்கும் உசுரோடதான் இருந்துக்கீறாரு. ஓ.டி. பாக்கறாருன்னு நெனச்சிக்கினு, நான் இங்க மீன் கழுவிக்கினு இருந்தேன்."